புழு போடுறேன்னு சொன்னதும் முட்டை வாங்குறத நிறுத்திட்டாங்க

குறிஞ்சிப்பாடி பண்ணை:
வணக்கம், 60 நாட்டுக்கோழி வச்சிருக்கேன், முட்டைய கடலூர் மஞ்சக்குப்பத்துல வீடு வீடா குடுக்குறேன். தீவன விலை கட்டுப்படியாகல, அதனால நாலு மாசமா பிஎஸ்எஃப் புழு (பிளாக் சோல்ஜர் ஃபிளைங்கற ஈயோட புழு) வளர்த்து தவுடு மக்காச்சோளத்தோட சேர்த்து போடுறேன், புழுவுக்கு காய்கறி கழிவும் பலாப்பழ சக்கையும்தான். போன வாரம் ஒரு அக்கா கோழிக்கு என்ன போடுறீங்கன்னு கேட்டாங்க, மறைக்காம சொன்னேன், கையில எடுத்த முட்டைய அப்படியே திரும்ப தட்டுல வச்சுட்டாங்க. அந்தத் தெருவுல இப்ப மூணு வீடு நின்னுபோச்சு. இனிமே சொல்லாம விட்டுடலாமா?

பண்ருட்டிக்காரன்:
தம்பி, எங்க ஆயா பழைய பானையில காஞ்ச சாணியும் கிழிஞ்ச சாக்கும் அடைச்சு தண்ணி தெளிச்சு கரையான் இருக்கற எடத்துல கவுத்து வைப்பாங்க, காலைல தட்டுனா கொத்து கொத்தா கரையான் விழும், குஞ்சுங்க ஓடியாந்து பொறுக்கும். அந்த முட்டைய ஊரே வாங்கித் தின்னுச்சு. கருவாட்டுத்தூள் போட்ட தீவனத்தையும் யாரும் எதுவும் சொல்றதில்ல, புழுங்கற வார்த்தைதான் ஆகல. காஞ்ச புழுவுல சுமார் 40 சதவீதம் புரோட்டீன் இருக்கு, தைரியமா போடுங்க.

லாஸ்பேட்டை அக்கா:
நான் முட்டை வாங்குற ஆளு, அதனால சொல்றேன். கோழி புழு கொத்துறது எனக்கு அருவருப்பு இல்ல, அந்தப் புழு எதத் தின்னுச்சுங்கறதுதான் பயம். கழிவுல காட்மியம்ங்கற விஷ உலோகம் இருந்தா புழு உடம்புல சேரும். ஐரோப்பால 2017ல மீன் தீவனத்துக்கும் 2021ல கோழி, பன்னி தீவனத்துக்கும் பூச்சி புரோட்டீன அனுமதிச்சாங்க, ஆனா சாணிலயும் ஓட்டல் மிச்சத்துலயும் அந்தப் பூச்சிய வளர்க்கக்கூடாது. அதப் படிச்சப்புறம்தான் எனக்கே மனசு ஒத்துக்கிச்சு. முட்டை மட்டும் சாப்பிடுற சைவக்காரங்க சிலர் சைவ தீவனம் போட்டதான்னு கேட்டு வாங்குறாங்க, அவங்ககிட்ட மறைச்சா அது துரோகம் தம்பி. சொல்லாம மட்டும் விட்டுடாதீங்க, வேற வழில தெரிஞ்சா ஒரு வீடு கூட மிஞ்சாது.

குறிஞ்சிப்பாடி பண்ணை:
அக்கா நீங்க சொன்னது உறைச்சுது, புழுன்னு சொன்னேனே தவிர அது என்ன தின்னுதுன்னு நான் சொல்லவே இல்ல. அந்த ஈ வீட்டுக்குள்ள வந்து சோத்துல உக்காருமான்னு வேற ஒருத்தர் கேட்டாங்க.

பண்ருட்டிக்காரன்:
உக்காராது தம்பி, வளர்ந்த ஈ தீனிக்கு அலையாது, புழுவா இருக்கும்போதே உடம்புல சேர்த்துவச்ச கொழுப்புலதான் ஓடும். வீட்டு ஈ மாதிரி இல்ல.

குறிஞ்சிப்பாடி பண்ணை:
நன்றிண்ணே. ஞாயித்துக்கெழம ஒரு டப்பால காஞ்ச புழுவும், தொட்டில போடுற கழிவு போட்டோவும் எடுத்துக்கிட்டு மொதல்ல முட்டைய திரும்ப வச்ச அந்த அக்கா வீட்டுக்கே போறேன்.