மறுமொழி: கல்லீரல் கட்டியில் ‘நாளச்செறிவு’, எனக்கு உடன்பாடில்லை

அனைவருக்கும் வணக்கம்.

கல்லீரல் கட்டிக்காக டாப்ளர் ஸ்கேன் (இரத்த ஓட்டத்தை ஒலியலையால் பார்க்கும் ஸ்கேன்) எடுக்க வருகிறவர்களுக்கான கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘வாஸ்குலாரிட்டி’க்கு, அதாவது ஓரிடத்தில் இரத்த நாளங்களும் ஓட்டமும் எவ்வளவு என்பதற்கு, தமிழ்ச் சொல் கேட்டு இந்த இழையைத் தொடங்கியவள் என்ற முறையில் எல்லா மடல்களையும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

> ‘குருதிப்பெருக்கு’ என்றே இருக்கட்டும். கம்பீரமான சொல்.

வேண்டாம் ஐயா. முதல் வரைவில் நானும் அதைத்தான் போட்டிருந்தேன். அப்பாவை அழைத்து வந்திருந்த ஒரு பெண்ணிடம் “கட்டியில் குருதிப்பெருக்கு மிகுந்துள்ளது” என்ற வரியைப் படித்துக் காட்டினேன். “உள்ள ரத்தம் கசியுதா டாக்டர்?” என்று கேட்டு, வயிற்றில் ஜெல்லோடு படுத்திருந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றே அந்தச் சொல்லை அடித்துவிட்டேன்.

> குரு என்றால் நிறம். ‘குருவும் கெழுவும் நிறனா கும்மே’ என்கிறது தொல்காப்பிய உரியியல். வண்ண டாப்ளருக்குக் குருதியைவிடப் பொருத்தமான வேர் ஏது?

வேர் அழகுதான், குறுந்தொகை முதற்பாட்டின் குருதிப் பூவும் நினைவுக்கு வந்தது. ஆனால் திரையில் தெரிவது இரத்தத்தின் நிறமில்லை. கருவியை நோக்கி வரும் ஓட்டத்துக்குச் சிவப்பு, விலகிப் போவதற்கு நீலம் என்று வைத்துக்கொண்டிருக்கிறோம், அவ்வளவே. ஒரு பொத்தானைத் தட்டினால் இரண்டும் இடம் மாறும். “நீலம் கெட்ட ரத்தமா?” என்று கேட்காத நாளே இல்லை. அந்தக் குழப்பத்துக்கு நாமே வேர்ச்சொல் தேடிக் கொடுக்க வேண்டாம்.

இனி, பெரும்பாலோர் கைதூக்கியிருக்கும் ‘நாளச்செறிவு’, அதாவது இரத்த நாளங்கள் நெருக்கமாக இருப்பது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் டாப்ளர் நாளங்களை எண்ணுவதில்லை, நகர்வைப் பிடிக்கிறது. ஓடும் சிவப்பணுக்களில் பட்டுத் திரும்பும் ஒலியின் அதிர்வெண் சற்று மாறும், கருவி அளப்பது அந்த மாற்றத்தை. ஒலிக்கற்றை ஓட்டத்துக்குச் செங்குத்தாக விழுந்தால் மாற்றம் ஏறக்குறைய மறைந்தே போகும். வேகம் அளக்கும்போது கோணத்தை 60 பாகைக்குள் வைக்க நாங்கள் பாடுபடுவது அதனால்தான்.

ஹெமாஞ்சியோமா என்ற கட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கட்டியே நாளங்களால் ஆனது. ஆனால் உள்ளே இரத்தம் ஊர்ந்து போவதால் பெரும்பாலும் உள்ளுக்குள் ஒரு புள்ளி நிறம்கூடத் தெரியாது. அங்கே ‘நாளச்செறிவு இல்லை’ என்று எழுதினால் அது பொய்.

ஈரல் செல்லிலேயே தொடங்கும் புற்றுக்கட்டி வேறு மாதிரி. கல்லீரலுக்கு வரும் இரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு, குடலிலிருந்து இரத்தத்தைக் கொண்டுவரும் போர்ட்டல் சிரை வழியாக வருகிறது, மீதி தமனி வழியாக. இந்தக் கட்டியோ வளர வளரத் தமனியையே பிடித்துக்கொள்கிறது. சில கட்டிகளைச் சுற்றிக் கூடை முடைந்ததுபோல் நிறம் ஓடும். திரையில் அளவீட்டுக் குறியைக் கட்டிக்குள் வைத்தால் ஒலிபெருக்கியில் தமனித் துடிப்பு ‘உஷ்… உஷ்…’ என்று கேட்கும். போர்ட்டல் சிரையை அடைத்திருக்கும் பொருளுக்குள்ளும் அதே துடிப்பு கேட்டால், அது வெறும் இரத்தக்கட்டி இல்லை, புற்றே சிரைக்குள் புகுந்துவிட்டது என்ற ஐயம் வலுக்கும். இத்தனையும் ஓட்டத்தைப் பற்றிய செய்தி. எனவே என் பரிந்துரை: ஓட்டம், ஓட்டமிகு கட்டி. தெரியாத இடத்தில் ‘ஓட்டம் தென்படவில்லை’. ‘இல்லை’ என்று ஒருபோதும் எழுதக் கூடாது.

‘நாளச்செறிவு’ வீணாகாது. திசுவை வெட்டி நுண்ணோக்கியில் பார்க்கும் நோயியல் மருத்துவருக்கு அது கச்சிதமான சொல். அவர்தான் நாளங்களை உள்ளபடியே பார்க்கிறார்.

> டகரம் மொழிமுதல் வாராது. ‘தொப்பிளர்’ என்றோ ‘பெயர்வொலி’ என்றோ எழுதுக.

ஐயா, அது ஒரு மனிதரின் பெயர். ஆஸ்திரிய இயற்பியலாளர் கிறிஸ்டியான் டாப்ளர் 1842இல் பிராகாவில் இரட்டை விண்மீன்களின் நிறத்தைப் பற்றிப் பேசியபோது சொன்ன கருத்துதான் இந்த அதிர்வெண் மாற்றம். 1845இல் நெதர்லாந்தில் ஓடும் ரயிலில் எக்காளம் ஊதவைத்து அதை ஒலியில் சரிபார்த்தார்கள். ‘பெயர்வொலி’ என்றால் விண்மீனின் ஒளியை எங்கே வைப்பது? பள்ளிப் பிள்ளைகள் ‘டாப்ளர் விளைவு’ என்றே படிக்கிறார்கள். டாக்டரிடம் போவதாகத்தான் நாமும் வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புகிறோம்.

யாழ்ப்பாணத்து அக்கா மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிஷனரி மருத்துவர் சாமுவேல் கிறீனை நினைவூட்டினார். அவர் துணிவு எனக்கும் வேண்டும் அக்கா. ஆனால் அவர் முன்னால் ஆண்டுக்கணக்கில் படிக்க வந்த மாணவர்கள் இருந்தார்கள். என் முன்னால் இருப்பவர் வெறும் வயிற்றோடு வந்து, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, பத்து நிமிடம் படுத்திருப்பவர்.

‘நாளச்செறிவு’தான் சரி என்று இன்னும் கருதுகிறவர்களின் மறுப்பைச் சொற்பட்டியலில் அப்படியே பதிவு செய்கிறேன். கையேட்டில் இப்போதைக்கு உள்ள வரி இது. திருத்தம் இருந்தால் ஞாயிறு இரவுக்குள் சொல்லுங்கள்:

“கட்டிக்குள் இரத்த ஓட்டம் எப்படி இருக்கிறது என்று இந்த ஸ்கேனில் பார்ப்போம். திரையில் வரும் சிவப்பும் நீலமும் இரத்தம் ஓடும் திசையைக் காட்டுகின்றன.”