டிரை சூட்டுக்கு ஆர்கான் பூட்டியவர்கள்: உங்களுக்கு நேர்ந்தது என்ன?

வடகடலோடி

ஸ்காட்லாந்தின் ஸ்கேப்பா ஃப்ளோவில், மார்க்கிராஃப் போர்க்கப்பலுக்கு இறங்கவிருந்த அந்த மே மாதக் காலையை இன்னும் மறக்க இயலவில்லை. 1919 ஜூன் 21 அன்று ஜெர்மானியர்கள் தாங்களே மூழ்கடித்த கப்பல்களுள் ஒன்றான அது சுமார் 45 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. அன்று நீர் 9 டிகிரி. டிரை சூட்டுக்குள் (நீர் புகாத டைவிங் உடை), குளிர் தாங்கக் காற்றுக்குப் பதில் ஆர்கான் வாயுவை விடும் என் முதல் அமைப்பை முந்தைய இரவுதான் பூட்டியிருந்தேன்: ஒரு லிட்டர் சிலிண்டர், அலமாரியில் பல ஆண்டுகள் கிடந்த ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் (சிலிண்டரின் அழுத்தத்தைக் குறைத்துத் தரும் ரெகுலேட்டர்), சூட்டுக்கு வாயுவைக் கொண்டுபோகும் அதே வயதுள்ள இன்ஃப்ளேட்டர் ஹோஸ். மிகுந்த அழுத்தத்தை வெளியே விடும் ஓவர்பிரஷர் வால்வு மட்டும் தபாலில் வந்து சேரவில்லை. ஒரே ஒரு டைவ்தானே என்று துணிந்துவிட்டேன்.

சிலிண்டரைத் திறந்துவிட்டு, ஹோஸைச் சூட்டில் இணைக்காமலேயே, பெஞ்சில் அமர்ந்து கையுறையை மாட்டிக்கொண்டிருந்தேன். பத்து நிமிடம் ஆகியிருக்கும். இடது விலாவை ஒட்டி வேட்டு வெடித்தாற்போல் ஒரு சத்தம். கிழிந்த ஹோஸின் முனை என் கன்னத்தில் அறைந்து, எதிரே இருந்தவரின் தேநீரையும் தட்டிவிட்டது. ரெகுலேட்டருக்குள் வாயுவை அடைக்கும் சீட் தேய்ந்து, உள்ளழுத்தம் மெல்ல மெல்ல ஏறியிருக்கிறது. வாயில் கவ்வும் செகண்ட் ஸ்டேஜ் இருந்திருந்தால் மிகுந்த அழுத்தம் அதன் வழியே சீறி வெளியேறியிருக்கும். ஆர்கானில் அது கிடையாது என்பதால் ஹோஸைக் கிழிப்பதைத் தவிர அதற்கு வேறு போக்கு இல்லை.

ஏரிக்கரையான்

வால்வைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் 9 டிகிரி நீருக்கு ஆர்கான் எதற்கு என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. ஹ்யூரான் ஏரியில், கனடாவின் டோபர்மரிக்கு அருகே 1884இல் மூழ்கிய அரேபியா என்ற பாய்மரக் கப்பலுக்கு இரண்டு நாள் தொடர்ந்து இறங்கினேன். மேலே கோடை வெயில் காய்ந்தாலும் அடியில் 4 டிகிரிதான். என் கூட்டாளி ஒரு சிலிண்டரில் ஆர்கானும் இன்னொன்றில் சாதாரணக் காற்றும் நிரப்பி, எது எதுவென்று தெரியாதபடி ஒட்டுப்பட்டையால் மறைத்துக் கொடுத்தார். இரண்டாம் நாள் மேலேறியதும், "இன்றுதான் ஆர்கான், உடம்பே சொல்கிறது" என்று உறுதியாகச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே பட்டையை உரித்தார். அன்று இருந்தது காற்று.

ஆர்கான் வெப்பத்தைக் கடத்துவது காற்றைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பது உண்மையே. எனினும் உள்ளாடையின் இழைகள் வழியாகவும், நீரழுத்தத்தில் அது நசுங்கும் இடங்கள் வழியாகவும், கை வழியாகவும் தலை வழியாகவும் போகும் வெப்பத்தை எந்த வாயுவும் தடுப்பதில்லை. 2001இல் வெளிவந்த நார்வே ஆய்விலும் டைவர்களிடம் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அந்தப் பணத்தில் நல்ல உள்ளாடை வாங்கலாம்.

கயிறுபிடி

ஏரிக்கரையான் அவர்களே, சிலிண்டரின் பெயரை ஒட்டுப்பட்டையால் மறைத்தீர்கள் என்று படித்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. அயர்லாந்தின் மாலின் ஹெட் கடலில், 1944இல் மூழ்கிய எம்பயர் ஹெரிடேஜ் கப்பலுக்குப் போன படகில் ஒருவர், ஓவர்பிரஷர் வால்வுக்குப் பதிலாக ஆர்கான் சிலிண்டரில் ஒரு செகண்ட் ஸ்டேஜையே மாட்டி வைத்திருந்தார். இன்னொருவர் அதைப் பெய்ல்அவுட் சிலிண்டர் (அவசரத்தில் சுவாசிப்பதற்கான மாற்றுச் சிலிண்டர்) என்று எண்ணி, சோதித்துப் பார்ப்பதற்காக உதட்டருகே கொண்டுபோனார். நான் அதைத் தட்டிவிட்டேன். அவர் கோபமாகத் திரும்பிப் பார்த்த பார்வை இப்போதும் கண்ணில் நிற்கிறது.

ஆர்கானில் ஆக்ஸிஜன் துளியும் இல்லை. ஆனால் மூச்சை வெளியே விடும்போது கரியமில வாயு வழக்கம்போல் வெளியேறிவிடுவதால் மூச்சுத் திணறலே தோன்றாது; சில மூச்சுகளில், எந்த முன்னறிவிப்பும் இன்றி நினைவு தப்பும். ஆகவே இந்தச் சிலிண்டரில் செகண்ட் ஸ்டேஜ் எந்தக் காரணத்துக்காகவும் இருக்கக் கூடாது. 14 பார் (அழுத்த அலகு) அளவில் திறக்கும் ஒரு சிறிய வால்வு போதும். சிலிண்டரின் இரு பக்கமும் பெரிய எழுத்தில் பெயர் எழுதுங்கள். வாயுக் கணக்கையும் போட்டுப் பாருங்கள்: சூட்டுக்குள் 10 லிட்டர் இடம் என்று கொண்டால், 40 மீட்டர் வரை இறங்க மேற்கொண்டு 40 லிட்டர் தேவை, மூன்று முறை நிரப்பிக் காலி செய்ய இன்னொரு 30 லிட்டர். 200 பாரில் நிரப்பிய ஒரு லிட்டர் சிலிண்டர் இதற்குத் தாராளம். டிரைமிக்ஸ் (ஹீலியம் கலந்த வாயு) சுவாசிப்பவர்கள் அதையே சூட்டுக்குள் விட வேண்டாம். ஹீலியம் காற்றைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு வெப்பத்தைக் கடத்தும். ஆர்கான் வேண்டாம் என்றால் காற்றுக்கென்று தனிச் சிலிண்டர் வையுங்கள். கேட்காமலே நிறைய எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முத்துச்சிப்பி

ஏரிக்கரையான் சூட்டை முதலில் அலசினாரா என்பதைச் சொல்லவே இல்லை. உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றாமல் மேலே ஆர்கானைச் சேர்த்தால் கிடைப்பது கலவைதான். அந்தச் சோதனையை நான் ஏற்க மாட்டேன்.

நான் அலசினேன். அதுவே வினையாயிற்று. ஜனவரி மாதம், இங்கிலாந்தின் ஸ்டோனி கோவ் கல்குவாரி. மூன்று முறை நிரப்பிக் காலி செய்தபின், வாயு வீணாகாமல் இருக்கச் சிலிண்டரை மூடிவிட்டு அப்படியே இறங்கிவிட்டேன். 15 மீட்டரில் சூட் தோலைக் கவ்வத் தொடங்கியது. பொத்தானை அழுத்தினால் ஒன்றும் வரவில்லை. சிலிண்டர் பேக்பிளேட்டின் (முதுகுத் தகட்டின்) இடப்பக்கம் தலைகீழாகத் தொங்கியதால், தடித்த கையுறையோடு குமிழைத் தொட முடிந்ததே தவிர, எந்தப் பக்கம் திருப்பினால் திறக்கும் என்பது மூளைக்கு எட்டவில்லை. விங்கில் (முதுகிலுள்ள மிதவைப் பையில்) காற்றேற்றி இறக்கத்தை நிறுத்திவிட்டு, கூட்டாளியைப் பிடித்து இழுத்துக் காட்டினேன், அவர்தான் திறந்துவிட்டார். வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது, தொடையிலும் அக்குளிலும் சூட்டின் மடிப்பு விழுந்த இடமெல்லாம் சாட்டையால் அடித்தாற்போல் சிவந்த தடங்கள்.

வடகடலோடி

அந்த ரெகுலேட்டரை ஊருக்கு வந்தபின் அழுத்தமானியுடன் மீண்டும் இணைத்துப் பார்த்தேன். திறந்தவுடன் 9.5 பார் காட்டியது. ஐந்து நிமிடத்தில் 14. 20ஐத் தொட்டதும் பயந்து மூடிவிட்டேன். அந்த இரவிலும் நான் அளந்தேன், 9.5 என்று குறிப்பேட்டில் எழுதியும் வைத்திருக்கிறேன். ஒரே ஒரு நிமிடம் பார்த்துவிட்டு மூடியிருந்தேன்.