விரல் தேய்ந்துவிடாதாம்!

மலைக்கள்ளி:
குக்கி, அதாவது இணையதளங்கள் நம் உலாவியில் சேமித்து வைக்கும் சிறு குறிப்பு; அதற்குச் சம்மதம் கேட்டு வரும் பட்டையைப் பற்றி நேற்று இன்னொரு இழையில் குறியாளன் எழுதியதை அப்படியே ஒட்டுகிறேன். “குக்கிப் பட்டையில் ‘அமைப்புகள்’ என்று ஓர் இணைப்பு இருந்தால் போதும். வேண்டாம் என்பவர் இரண்டு கிளிக் கூடுதலாகப் போனால் விரல் தேய்ந்துவிடாது.” இதற்குப் பன்னிரண்டு பேர் விருப்பக்குறி வேறு! சம்மதிப்பவனுக்குத் தலைவாசல், மறுப்பவனுக்குக் கொல்லைப்புறமா? 2019 அக்டோபரில் பிளானட்49 வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? முன்கூட்டியே டிக் போட்டு வைத்த கட்டம் சம்மதமே ஆகாது என்றது. ஜெர்மனியில் ஒரு பரிசுக் குலுக்கல் தளம் செய்த வேலை அது.

குறியாளன்:
டிக் போட்ட கட்டம் சரி என்று நான் எங்கே சொன்னேன்? நான் சொன்னது இரண்டு கிளிக். அதற்குப் பதில் சொல்லுங்கள். குக்கி என்றாலே பூதம் மாதிரி பேசுகிறீர்கள். 1994இல் நெட்ஸ்கேப் என்ற உலாவி நிறுவனத்தில் லூ மான்டுலி என்ற பொறியாளர் அதை உருவாக்கியபோது நோக்கம் எளிமையானது: கூடையில் போட்ட பொருள் அடுத்த பக்கம் போனாலும் கூடையிலேயே இருக்க வேண்டும். பதினாறு வருடமாகத் தளம் கட்டிச் சோறு தின்கிறேன். எனக்கே பாடமா?

லாஷப்பல்வாசி:
தம்பி, நான் இருக்கிறது பாரிஸில். இங்கே க்னில் என்ற தனியுரிமை ஆணையம் 2022 ஜனவரியில் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் தண்டம் அறிவித்தது இதே விஷயத்துக்குத்தான். ஏற்க ஒரு கிளிக், மறுக்கப் பல கிளிக். மூன்று மாதத்துக்குள் திருத்தாவிட்டால் நாளுக்கு ஒரு லட்சம் யூரோ என்று கெடு வேறு. அதற்குப் பிறகுதான் கூகுள் ‘எல்லாவற்றையும் மறு’ என்ற பொத்தானைக் கொண்டுவந்தது. விரல் தேயவில்லை, காசு தேய்ந்தது.

குறியாளன்:
அண்ணே, நீங்களே எழுதியதைத் திரும்பப் படியுங்கள். ‘பல’ கிளிக். நான் சொன்னது இரண்டு. பல வேறு, இரண்டு வேறு.

ஏட்டுச்சுவடி:
தமிழில் ஒருமை உண்டு, பன்மை உண்டு. வடமொழி போல இருமை என்று தனியே கிடையாது. ஒன்றைத் தாண்டினால் பன்மைதான். அப்புறம், கிளிக் கிளிக் என்று ஏன் பல்லி மாதிரி கத்துகிறீர்கள்? சொடுக்கு என்று ஒரு சொல் இருக்கிறது. குக்கிக்கு நினைவி என்று அழகான பெயர் இருக்கிறது.

குறியாளன்:
வந்துவிட்டார். ஐயா, ‘சில’ என்று ஒரு சொல்லும் இருக்கிறதே, அது எந்தக் கணக்கில் சேரும்? இரண்டு என்பது சில. பல அல்ல. போன வருடம் தமிழ்99 விசைப்பலகைச் சண்டையிலும் இப்படித்தான் நடுவில் புகுந்து இழையைப் பூட்ட வைத்தீர்கள்.

ஏட்டுச்சுவடி:
பூட்ட வைத்தது நானா? ஒலிபெயர்ப்பில் தட்டினால்தான் வேகம் என்று நாற்பது பதிவு போட்டது யார்?

மலைக்கள்ளி:
விசைப்பலகையை விடுங்கள். இன்று காலை ஒரு சமையல் குறிப்புத் தளத்தில் நானே எண்ணிப் பார்த்தேன். பெயர் வேண்டாம். தேவை வத்தக்குழம்பு, கிடைத்தது வழக்கு. ‘அமைப்புகள்’ ஒன்று. ‘கூட்டாளிகள்’ இரண்டு. ‘நியாயமான நலன்’ (சம்மதம் கேட்காமலே தரவு எடுக்க அவர்கள் சொல்லும் காரணம்) என்று ஒரு தாவல், அது மூன்று. அங்கே எல்லாம் ஏற்கெனவே ஆன் ஆகிக் கிடக்கிறது, அணைக்க நான்கு. கீழே சுருட்டிச் சுருட்டிப் போய்ச் சாம்பல் நிறத்தில் ஒளிந்திருந்த ‘சேமி’, ஐந்து. இதுதான் உங்கள் இரண்டா?

குறியாளன்:
‘கூட்டாளிகள்’ பக்கத்துக்கு உங்களை யார் போகச் சொன்னது? நேரே சேமித்திருந்தால் இரண்டுதான். சுருட்டுவதை எல்லாம் கிளிக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மலைக்கள்ளி:
சேர்க்கவில்லையே! சுருட்டலைச் சேர்த்தால் இருபது தாண்டும்.

குறியாளன்:
இன்னொன்று. பிடிக்கவில்லை என்றால் உலாவியை மாற்றுங்கள். சஃபாரி 2020 மார்ச்சிலேயே மூன்றாம் தரப்புக் குக்கிகளை, அதாவது நாம் பார்க்கும் தளம் அல்லாமல் விளம்பரக்காரர் போன்ற வெளியார் வைப்பவற்றை, மொத்தமாக அடைத்துவிட்டது. குரோமில் இரண்டே வருடத்தில் ஒழிக்கிறேன் என்று கூகுள் அதே 2020இல் சொல்லி, 2024இல் பின்வாங்கியது. அவர்களைக் கேட்காமல், மாதம் நாலு வாடிக்கையாளருக்குத் தளம் கட்டும் என்னைப் பிடித்துக்கொண்டீர்கள்.

லாஷப்பல்வாசி:
மூன்றாம் தரப்பை அடைத்தால் அந்தத் தளமே வைக்கிற குக்கி என்ன ஆகும்? அது அப்படியேதானே இருக்கும். கதையை மாற்ற வேண்டாம். கலிஃபோர்னியாவில் கிளிக்கே தேவையில்லை. உலகத் தனியுரிமைக் கட்டுப்பாடு என்று ஒரு சமிக்ஞை. உலாவியே ஒவ்வொரு தளத்துக்கும் ‘என் தரவை விற்காதே’ என்று சொல்லிவிடும். அதை மதிக்கவில்லை என்பதும் சேர்ந்துதான் செஃபோரா என்ற அழகுசாதனக் கடை நிறுவனம் 2022 ஆகஸ்டில் 12 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது. சுழியம் கிளிக், தம்பி. சுழியம்.

குறியாளன்:
அந்தச் சமிக்ஞையை உலாவியில் ஆன் பண்ண எத்தனை கிளிக்? 😊

லாஷப்பல்வாசி:
ஒரு தடவை பண்ணினால் போதும்!

குறியாளன்:
எத்தனை என்று கேட்டேன்.

தேநீர்க்கடை:
நம் ஊர், அதாவது இந்தியாவின், 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 6ஆம் பிரிவிலேயே இருக்கிறது: சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ, அதைத் திரும்பப் பெறுவதும் அதே அளவு சுலபமாக இருக்க வேண்டும். அப்படியென்றால் ஒன்றுக்கு ஒன்று, அவ்வளவுதானே சார்?

குறியாளன்:
திரும்பப் பெறுவது வேறு, முதலிலேயே மறுப்பது வேறு. கொடுத்த கடனைக் கேட்பதும், கடன் இல்லை என்பதும் ஒன்றா? சட்டம் பேசுகிறவர்கள் எழுத்து எழுத்தாகப் படித்துவிட்டு வாருங்கள்.

ஏட்டுச்சுவடி:
எழுத்து எழுத்தாகப் படித்தால் ‘பல’ என்பதும் புரியும்.

குறியாளன்:
‘சில’வுக்கு இன்னும் பதில் வரவில்லை ஐயா.

நேற்றுவந்தவன்:
வணக்கம். என் போனில் குக்கியை அழிப்பது எப்படி என்று யாராவது சொல்ல முடியுமா? இரண்டு நாளாகச் செருப்பு விளம்பரமாகவே வருகிறது.

மலைக்கள்ளி:
பாருங்கள், ஒரு மனுஷன் செருப்போடு திண்டாடுகிறான். குறியாளன், உங்கள் சொந்தத் தளத்திலேயே ‘ஏற்கிறேன்’ பச்சையில் பெரிதாக இருக்கிறது. மறுக்கும் பொத்தானைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன்.

குறியாளன்:
அது வாடிக்கையாளர் தேர்ந்தெடுத்த வார்ப்புரு. நிறத்தைப் பற்றி இந்த இழை இல்லை. கிளிக் பற்றியது.

மலைக்கள்ளி:
உங்கள் சொந்தத் தளத்துக்கு எந்த வாடிக்கையாளர்?

குறியாளன்:
அந்தச் சமையல் தளத்தின் திரைப்பிடிப்பைப் போடுங்கள், நானே எண்ணுகிறேன்.

குறியாளன்:
ஒரு மணி நேரம் ஆகிறது. திரைப்பிடிப்பு வரவில்லை.

குறியாளன்:
வராது. ஏனென்றால் அது இரண்டுதான்.