‘மா’ படுத்திய பாடு: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

பட்டுக்கோட்டையான்
பாங்காக்கில் ஒரு தள்ளுவண்டி, நிறைய மாம்பழம். மாம்பழத்துக்கு அந்த ஊர்ச் சொல்லும் ‘ம’வில் தொடங்கும் என்பது மட்டும் நினைவு (மமுவாங்). “மா? மா?” என்று இழுத்தேன். கடைக்கார அம்மாள் குனிந்து, வண்டிக்கு அடியில் படுத்திருந்த நாயைக் காட்டினார். அங்கே கீழிருந்து குரலை ஏற்றினால் ‘மா’ நாய், சமமாகச் சொன்னால் ‘வா’, உச்சத்தில் பிடித்தால் குதிரை. கிண்டல் செய்தாரா, உண்மையாகவே நாயை விசாரிக்கிறேன் என்று நினைத்தாரா? முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அதுதான் உறுத்துகிறது.

வெண்ணாற்றங்கரை
வெளிநாடு எதற்கு? பாகப்பிரிவினை அன்று தாத்தா, “தெற்கே மூன்று மா உனக்கு” என்றார். சென்னையில் வளர்ந்த சித்தப்பா மகன், “காய்க்கிற மரமா, கன்றா தாத்தா?” என்று கேட்டான். தாத்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். வேலி என்ற பழைய நில அளவில் இருபதில் ஒரு பங்கு மா. மூன்று மா ஏறக்குறைய ஒரு ஏக்கர் நஞ்சை. இப்போது அது வேறொருவர் பெயரில்.

சொல்வேட்டை
எல்லாம் இங்கிருந்து போனவைதானே, பட்டுக்கோட்டையாரே! என் சீன மேலாளர் ஒருநாள் “நீ ஹாவ் மா?” என்றார். “நீ நலமா?” என்றே காதில் விழுந்தது. சிலிர்த்துவிட்டது. அதே ‘நீ’, அதே ‘மா’. அவர்களுக்கும் அம்மா ‘மா’தான். வேறென்ன சான்று வேண்டும்?

எதிர்க்கேள்வி
‘நலமா’வில் ‘மா’வே கிடையாது ஐயா. நலம் + ஆ. “நீ நல்லவனா?” என்று கேட்டுப் பாருங்கள், சீன மா எங்கே போயிற்று? அம்மா கதையும் அப்படித்தான். உதட்டை மூடித் திறந்தால் எந்தக் குழந்தைக்கும் ‘மா’ வரும். பக்கத்தில் இருப்பவர் தன்னைத்தான் கூப்பிடுகிறது என்று எடுத்துக்கொள்வார். ஜார்ஜியாவில் மருத்துவம் படித்தபோது வீட்டுக்காரரின் மகள் அவரை ‘மாமா’ என்றாள். தாய்மாமன் என்றே நினைத்தேன். அங்கே மாமா என்றால் அப்பா, அம்மா ‘தேதா’! வியட்நாமில் சமக்குரலில் ‘மா’ என்றால் பேய். அதுவும் நம் ஏற்றுமதியா? ஏற்றுமதிதான் வேண்டுமென்றால் ‘மேங்கோ’ இருக்கிறது. நம் மாங்காயோ மலையாளத்து மாங்ஙாவோ போர்ச்சுகீசியர் வாயில் ‘மங்கா’வாகி ஆங்கிலத்துக்குப் போனது.

தெம்பனிஸ்வாசி
சீன வகுப்பில் என் அம்மாவைக் குதிரை என்று அறிமுகம் செய்தேன். ஆசிரியை பலகையில் குதிரையே வரைந்துவிட்டார். படிக்க நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன்: உயரத்தில் சமமாக நின்றால் அம்மா, ஏறினால் சணல், தாழ்ந்தால் குதிரை, விழுந்தால் திட்டு. பாடநூல் மூன்றாவது தொனியை இறக்கி ஏற்றிக் காட்டும். பேச்சில் பெரும்பாலும் அது தாழ்ந்தே நிற்கும், ஏற்றப் பாடுபடாதீர்கள். தனிச்சொல்லாகப் பழகாமல் வாக்கியமாகப் பழகுங்கள். கேள்வியில் வரும் ‘மா’வுக்குத் தொனி கிடையாது, லேசாக உதிர்த்தால் போதும். நம் பழக்கத்தில் அதை இழுத்து நீட்டிவிடுவோம். உங்கள் குரலைப் பதிவு செய்து கேளுங்கள், வெட்கப்படாமல். அப்புறம் முதல் மாதம் எழுத்துப் பக்கமே போகாதீர்கள்.

சொல்வேட்டை
எதிர்க்கேள்வியார் ‘மா’வைப் பிடித்துக்கொண்டு ‘நீ’யை விட்டுவிட்டார், கவனித்தீர்களா?