ஜிஆர்இ வெர்பல்: சொல் பட்டியலை முடித்த பிறகும் பத்தி பிடிபடவில்லை

தங்கச்சிமடம்_கரை

வணக்கம். எனக்கு ஊர் தங்கச்சிமடம். பன்னிரண்டாவது வரை தமிழ் வழி, கல்லூரியில் விலங்கியல், எம்எஸ்சி போன வருடம் முடித்தேன். கடல் உயிரியலில் மேலே படிக்க வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கலாம் என்றிருக்கிறேன், நான் பார்த்து வைத்திருக்கும் இரண்டு இடங்களிலும் ஜிஆர்இ என்ற நுழைவுத் தேர்வின் மதிப்பெண் கேட்கிறார்கள். கணக்குப் பகுதி பரவாயில்லை. ஆங்கிலச் சொல்லையும் வாசிப்பையும் சோதிக்கும் வெர்பல் பகுதிதான் ஆளை அமுக்குகிறது.

ஐந்து மாதமாக ஒரு சொல் பட்டியலை வைத்துக்கொண்டு படித்தேன். ஆயிரத்துச் சொச்சம் சொற்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே தமிழில் பொருள் எழுதி, அம்மா பாசி எடுக்கக் கிளம்பும் நேரத்துக்கே எழுந்து உட்கார்ந்து மனப்பாடம் செய்தேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பொருள் சொல்லிவிடுவேன். ஆனால் போன வாரம் தேர்வை நடத்துகிறவர்களே இலவசமாகக் கொடுக்கும் பவர்பிரெப் மாதிரித் தேர்வில் ஒன்றை எழுதினேன், வெர்பலில் 144 வந்தது. 130இல் தொடங்கி 170இல் முடிகிற அளவில் 144 என்றால் எங்கே நிற்கிறேன் என்று உங்களுக்கே தெரியும்.

கோடிட்ட இடம் நிரப்பும் கேள்விகளில் பாதிக்கு மேல், கொடுத்திருந்த எல்லாச் சொல்லுக்கும் எனக்குப் பொருள் தெரியும். இருந்தும் தப்பு. அதைவிட வருத்தம், வேறொரு பயிற்சித் தாளில் பவளப்பாறை வெளுப்பதைப் பற்றி ஒரு பத்தி வந்தது. நம்ம பாடம் ஆச்சே, கண்ணை மூடிக்கொண்டு போடலாம் என்று போட்டேன், நான்கு கேள்வியில் மூன்று தப்பு. அன்றைக்கு இரவு சாப்பிடவே பிடிக்கவில்லை.

வீட்டில் விசைப்படகு. மீன்பிடித் தடைக்காலம் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது, ஜூன் 14 வரை அப்பா கரையில் இருப்பார், அதனால் எனக்கும் கொஞ்சம் நேரம் கிடைக்கும். ஜூன் கடைசியில் தேர்வு எழுத நினைக்கிறேன். மூவாயிரம் சொல் உள்ள பெரிய பட்டியலை எடுக்கட்டுமா, இல்லை வேறு ஏதாவது வழி இருக்கிறதா?


கீழக்கரை_வாசகி

தங்கச்சி, அடுத்த பட்டியலை எடுக்காதே. நானும் இரண்டு பட்டியல் முடித்துவிட்டு 148இல் நின்றவள், அதனால் சொல்கிறேன்.

நீ சொல்லுக்கு எதிரே ஒரு தமிழ்ப் பொருள் எழுதி வைத்திருக்கிறாய். தேர்வு கேட்பது பல நேரம் அந்தப் பொருளை இல்லை. 'சாங்ஷன்' என்றால் அனுமதி என்று படித்திருப்பாய், அதே சொல் ஒரு நாட்டின் மேல் விதிக்கும் தடைக்கும் வரும். 'குவாலிஃபைடு' என்றதும் தகுதி பெற்றவர் என்று மனசு ஓடும், ஆனால் ஒரு ஆசிரியர் ஒரு கொள்கைக்கு 'குவாலிஃபைடு' ஆதரவு தருகிறார் என்றால் முழுதாக இல்லாமல், சில நிபந்தனையோடு ஆதரிக்கிறார் என்று அர்த்தம். 'டெம்பர்' கோபம் இல்லை, அது வினைச்சொல்லாக வரும்போது தணிப்பது. இந்த மாதிரி எளிய சொற்களில்தான் நான் அதிகம் விழுந்தேன். பட்டியலில் இவை பெரும்பாலும் இருக்காது, ஏனென்றால் இவை நமக்குத் தெரியும் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறோம்.

கோடிட்ட இடத்துக்கு ஒரு வழி சொல்கிறேன், அதையே பிடித்துக்கொள். தெரிவுகளைக் கையால் மறைத்துவிட்டு வாக்கியத்தை மட்டும் படி. 'அவர் சபையில் எப்போதும் ______ இருப்பவர், ஆனாலும் அன்றைக்கு மனசில் இருந்த அத்தனையையும் கொட்டிவிட்டார்' என்று வருகிறது என்று வை. ஆனாலும் என்ற திருப்பம் இருக்கிறது, பின்பாதியில் கொட்டினார் என்று இருக்கிறது, அப்படியானால் முன்பாதியில் வாய் திறக்காதவர் என்று வர வேண்டும். இதைத் தமிழிலேயே நினைத்து ஓரத்தில் எழுது. அப்புறம் கையை எடுத்தால், அதிகம் பேசாத என்று பொருள்படும் 'ரெட்டிசென்ட்' தானாகக் கண்ணில் படும். கையை முதலிலேயே எடுத்தால் ஐந்து சொல்லும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். இரண்டு, மூன்று இடம் காலியாக இருக்கும் கேள்வியில் எல்லாமே சரியாக வந்தால்தான் மதிப்பெண், பாதிக்குப் பாதி கிடையாது, அதனால் எந்த இடம் சுலபமோ அதை முதலில் போடு, முதல் இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று இல்லை. ஆறில் இரண்டு தேர்ந்தெடுக்கும் கேள்வியில் ஒரே பொருள் உள்ள ஜோடியைக் கண்டதும் பாயாதே. வாக்கியத்துக்குப் பொருந்தாத ஜோடி ஒன்றையும் வேண்டுமென்றே வைத்திருப்பார்கள்.

இப்போது உன் பவளப்பாறை. வெர்பலில் ஏறக்குறைய பாதி பத்திக் கேள்விகள்தான், அதனால் இதில் நேரம் போட்டால் தகும். உனக்குத் தெரிந்த விஷயம் வந்ததால்தான் நீ தப்பு செய்தாய் என்று எனக்குத் தோன்றுகிறது. நீ பத்தியில் இருந்ததைப் படிக்கவில்லை, வகுப்பில் படித்ததை எழுதியிருக்கிறாய். மண்டபம் பக்கம் வளர்க்கிற கப்பாஃபைக்கஸ் பாசியை எடுத்துக்கொள், அது வெளியிலிருந்து கொண்டுவந்த இனம் என்று உனக்குத் தெரியும். குருசடைத் தீவில் பவளத்தின் மேல் அது படர்ந்திருப்பதாகச் சில ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள், பாதிப்பு அந்த அளவுக்கு இல்லை என்று வேறு சிலர் எழுதினார்கள். இதை வைத்து ஒரு பத்தி வந்தால், பாசியால் பிழைக்கிற வீட்டுப் பிள்ளை ஒரு பக்கம் சாய்வாள், பவளத்தைப் படித்தவள் இன்னொரு பக்கம் சாய்வாள், நீ இரண்டுமே. ஆனால் கேள்வி கேட்பவருக்கு நம் சாய்வு தேவையில்லை. எழுதியவர் எந்தக் கூற்றை எடுத்தார், யாரை மறுத்தார், முழுதாக மறுத்தாரா, இல்லை கொஞ்சம் ஒதுக்கிவைத்தாரா, அவ்வளவுதான்.

அதனால் ஒவ்வொரு விடைக்கும் பத்தியில் ஒரு வரியைத் தொட்டுக் காட்ட முடிகிறதா என்று பார். முடியவில்லை என்றால் அது உலகத்துக்கே உண்மையாக இருந்தாலும் விடை இல்லை. 'எல்லா', 'ஒருபோதும்', 'மட்டுமே' என்று அழுத்தி வரும் தெரிவுகளை இரண்டு தடவை சந்தேகப்படு.


பாம்பன்_வடக்குக்கரை

சகோதரி, நான் முப்படை அதிகாரிப் பணிக்கான சிடிஎஸ் தேர்வுக்குப் படிக்கிறேன். அதில் ஆங்கிலத் தாள் 2 மணி நேரத்தில் 120 கேள்வி, தப்புக்கு மூன்றில் ஒரு பங்கு கழிப்பார்கள், ஜிஆர்இயில் அது இல்லை என்பதால் நீங்கள் ஒன்றையும் விடாமல் போடலாம்.

சொல் மனசில் நிற்க எனக்கு உதவியது ஒன்றைச் சொல்கிறேன். கடற்கரைப் பிள்ளைகளான நமக்கு ஆங்கிலத்தில் ஒரு பெரிய பங்கு ஏற்கெனவே பழக்கம். 'ஃபேதம்' என்பது ஆறடி ஆழம், இரண்டு கையையும் விரித்த நீளம். நம் ஆட்கள் கயிறு விட்டு இத்தனை பாகம் என்று சொல்கிறார்களே, அதே அளவு, அதே கைவிரிப்பு. ஒன்றை ஆழம் பார்த்துப் புரிந்துகொள்வதற்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான். என் தாத்தா பாகம் போட்டதை நேரில் பார்த்தவன் நான், அந்தச் சொல் எனக்கு மறக்கவே மறக்காது. 'எப்' என்றால் வற்றம், ஒருவருடைய ஆர்வம் வற்றுவதற்கும் அதுவே. 'ஜெட்டிசன்' படகைக் காப்பாற்றச் சரக்கைக் கடலில் தள்ளுவது, வேண்டாத திட்டத்தைக் கைவிடுவதும் அதுதான். 'பாயன்ட்' மிதக்கிறது, மனசும் மிதக்கும். 'ஃபவுண்டர்' என்றால் நிறுவியவர் என்று மட்டும் நினைக்காதீர்கள், வினைச்சொல்லாக வந்தால் தண்ணீர் ஏறி மூழ்குவது, பேச்சுவார்த்தை மூழ்கினாலும் அப்படித்தான் எழுதுவார்கள். 'கேட்டமரான்' நம் கட்டுமரம்தான் என்று எல்லோருக்கும் தெரியும்.

இப்படி நூறு சொல் வரை சேர்த்தேன். ஆயிரத்துக்கும் இது வராது, ஆனால் ஒரு சொல் பொருளிலிருந்து பொருளுக்கு எப்படி நகர்கிறது என்று இதில்தான் எனக்குப் புரிந்தது, அது மற்றச் சொற்களுக்கும் உதவுகிறது.


ராமநாதபுரம்_முன்னாள்_ஆசிரியர்

கீழக்கரை அம்மா சொன்னதில் ஒன்றை மட்டும் நான் மாற்றிச் சொல்வேன். பட்டியலைத் தூக்கி எறிய வேண்டாம் மகளே. ஐந்து மாத உழைப்பு அது. தமிழ்ப் பொருளுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டு, அந்தச் சொல்லை நீ எங்கே படித்தாயோ அந்த முழு வாக்கியத்தை எழுதி வை. வாக்கியம் கிடைக்காத சொல் காலியாகவே இருக்கட்டும், கிடைக்கும்போது எழுதலாம்.

வாக்கியம் கிடைக்க தினமும் படிக்க வேண்டும். மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் கட்டுரைகள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன, உன் துறை என்பதால் அதில் தொடங்குவாய், தொடங்கு, ஆனால் அதிலேயே நின்றுவிடாதே. தேர்வில் ஓவியம், வரலாறு, பெண்கள் எழுத்து, வானியல் எல்லாம் வரும். நீ விரும்பாத துறையில் நாளுக்கு ஒரு கட்டுரை. தி ஹிந்து தலையங்கம் ஒன்று.

படித்து முடித்ததும் மூடி வைத்துவிட்டு மூன்று வாக்கியத்தில் தமிழில் சொல். வாயால் சொல். அப்பா வலையோடு உட்கார்ந்திருப்பார் அல்லவா, அவரிடம் சொல். 'அப்போ யாரு சொல்றது சரிங்கிறான்?' என்று அவர் திருப்பிக் கேட்டால், தேர்வில் வரும் கேள்வியே அதுதான். என்னிடம் படித்த தமிழ் வழிப் பிள்ளைகள் பலர் ஆங்கிலத்தை ஆங்கிலத்திலேயே புரிந்துகொள்ள வேண்டும் என்று வெட்கப்பட்டுக்கொண்டு அரைகுறையாகப் புரிந்துகொண்டார்கள். அந்த வெட்கம் தேவையே இல்லை.


தங்கச்சிமடம்_கரை

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அந்தப் பவளப்பாறைத் தாளை மறுபடி எடுத்து, விடைக்கு வரி காட்ட முடிகிறதா என்று பார்த்தேன். அக்கா சொன்னது அப்படியே இருக்கிறது. தப்பான மூன்றில் இரண்டுக்குப் பத்தியில் வரியே இல்லை, நான் கல்லூரியில் படித்தது. மூன்றாவதில் 'எல்லாப் பவளங்களும்' என்று இருந்த தெரிவைப் போட்டிருக்கிறேன், பத்தியில் சில இனங்கள் என்றுதான் இருக்கிறது.

நேற்று அப்பாவிடம் ஒரு கட்டுரையைச் சொன்னேன். நடுவில் நானே திணறினேன், எங்கே எனக்குப் புரியவில்லை என்று அந்த இடத்தில் தெரிந்தது. ஒரு சந்தேகம், என்னிடம் இருக்கும் பழைய புத்தகத்தில் ஒரு பகுதிக்கு 20 கேள்வி, 30 நிமிடம் என்று இருக்கிறது. அதையே வைத்துப் பழகலாமா? இன்னொரு இலவச மாதிரித் தேர்வை எப்போது எழுதுவது?


கீழக்கரை_வாசகி

கேள்விகளுக்கு அந்தப் புத்தகம் போதும், நேரக் கணக்குக்கு வேண்டாம். 2023 செப்டம்பரில் தேர்வைச் சுருக்கிவிட்டார்கள். இப்போது வெர்பல் முதல் பகுதி 12 கேள்வி, 18 நிமிடம், இரண்டாவது 15 கேள்வி, 23 நிமிடம். முதல் பகுதியை நீ எப்படிச் செய்கிறாயோ அதைப் பொறுத்து இரண்டாவது கடினமாகவோ சுலபமாகவோ வரும், அதனால் முதல் 18 நிமிடத்தில் அவசரப்படாதே. ஒரே கேள்வியில் மாட்டிக்கொண்டால் குறி வைத்துவிட்டு மேலே போ, அந்தப் பகுதி முடிவதற்குள் திரும்பி வரலாம்.

மாதிரித் தேர்வை இப்போது தொடாதே. ஜூன் முதல் வாரத்தில், உன் தேர்வு எந்த மணிக்கோ அதே மணிக்கு, கட்டுரை எழுதும் பகுதியையும் விடாமல் ஒரே மூச்சில் எழுது. மொத்தம் 2 மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். தப்பானவற்றை மேலே செய்த மாதிரியே வரி வரியாக எழுதி இங்கே போடு, சேர்ந்து பார்க்கலாம்.