சதாபிஷேக விருந்து: டேபிள் நாப்கினைத் தாமரையாக மடிப்பதா, சும்மா நாலாக மடிப்பதா?

செம்பூர்க்காரி:
ஜூலையில் அப்பாவுக்குச் சதாபிஷேகம். காலையில் இலைச் சாப்பாடு, அதில் குழப்பம் இல்லை. இரவு எங்கள் கட்டடத்து ஹாலில் ஐந்து மேஜை போட்டு 40 பேருக்குப் பரிமாறப் போகிறோம். தட்டுக்கு ஒரு துணி நாப்கின். ஒவ்வொன்றையும் தாமரை மாதிரி மடித்துத் தட்டின் நடுவில் வைக்க எனக்கு ஆசை. வீட்டுக்காரரோ, "கை துடைக்கிற துணிக்கு எதற்கு இத்தனை சிங்காரம்?" என்கிறார். தீர்ப்புச் சொல்லுங்கள்.

மாதுங்கா வாசி:
வீட்டுக்காரருக்கு என் ஓட்டு. 22 வருடம் ஓட்டலில் பரிமாறும் பிரிவில் இருந்தவன். விசிறி, பிஷப் தொப்பி, தாமரை எல்லாம் கணக்கில்லாமல் மடித்த கை இது. அதனால்தான் வேண்டாம் என்கிறேன். தாமரைக்கு நாலு முனையையும் நடுவுக்கு மடிக்க வேண்டும். அதையே இன்னொரு முறை. அப்புறம் திருப்பிப் போட்டு மூன்றாம் முறை. கடைசியில் நடுவை அழுத்திப் பிடித்துக்கொண்டு அடியிலிருந்து இதழ் இதழாக இழுக்க வேண்டும். எல்லாம் வெறுங்கையால். அந்தத் துணியில்தான் விருந்தாளி வாயைத் துடைக்கப் போகிறார். நீள்சதுரமாக மடித்துத் தட்டுக்கு இடப்பக்கம் வையுங்கள். வலது கையால் சாப்பிடுகிறவர்களுக்கு இடது கையால் எடுக்க அதுதான் வசதி.

செம்பூர்க்காரி:
சார், சப்பாத்தி மாவு பிசைவதும் வெறுங்கையால்தானே?

மாதுங்கா வாசி:
சப்பாத்தி அடுப்பில் வேகிறது அம்மா. துணி வேகுமா?

தாராவித் தம்பி:
முதலில், தலைப்பில் "டேபிள்" என்று போட்டதற்கு நன்றி அக்கா. போன முறை ஒரு அண்ணன் வெறும் நாப்கின் என்று எழுதப்போய், அந்த விவாதத் திரியையே மகளிர் நலப் பகுதிக்குத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். இப்போது விஷயம். மும்பை ஜூலையில் அப்பளமே நமுத்துப் போகிறது. எங்கள் வீட்டு நிச்சயதார்த்தத்தில் 60 விசிறி மடித்து கிளாசில் செருகினோம். மின்விசிறியைப் போட்டதும் பாதி கவிழ்ந்தது, கிளாசோடு.

மாதுங்கா வாசி:
கிளாசில் செருகியதே தப்பு.

கரூர்த் தறி:
என்ன துணி என்று ஒருவரும் கேட்கவில்லையே! எங்கள் ஊரில் மேஜை விரிப்பும் நாப்கினும் நெய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள், அந்த உரிமையில் கேட்கிறேன். பாலியஸ்டரில் மடிப்பு கத்தி மாதிரி நிற்கும், ஆனால் ஈரத்தை இழுக்காது. ஒரு விரலில் இருக்கும் குழம்பை ஐந்து விரலுக்கும் பூசிவிடும், மடியிலும் நிற்காமல் வழுக்கும். பருத்தி நன்றாக உறிஞ்சும், ஆனால் கஞ்சி போடாமல் தாமரை நிமிராது. கஞ்சியைக் கெட்டியாகப் போட்டால் உறிஞ்சுவது குறைந்துவிடும். இதுதான் சிக்கல். லேசாக ஜவ்வரிசிக் கஞ்சி போட்டு, ஈரம் முழுதாகக் காயுமுன் இஸ்திரி போட்டால் ஓரளவு சமாளிக்கலாம். அளவும் முக்கியம். 50 செ.மீ. சதுரத்தை மூன்று முறை முனை மடித்தால் 18 செ.மீ. அளவுக்கு வரும், தட்டில் பாந்தமாக உட்காரும். 40 செ.மீ. என்றால் 14தான், பார்க்க மொட்டு மாதிரி இருக்கும்.

வடாலா மாமி:
எல்லாரும் துடைப்பதைப் பற்றியே பேசுகிறீர்களே. மிதிபடும் என்று தெரிந்தேதானே தினம் வாசலில் கோலம் போடுகிறோம்? எண்பது வயது மனுஷருக்குப் பெண் ஆசையாகச் செய்கிறாள், செய்யட்டும். இது நேற்று வந்த பகட்டும் இல்லை. மத்தியா கீகர் என்பவர் 1629இல் இத்தாலியின் பதுவா நகரில், துணியை மிருகமும் பறவையுமாக மடிக்கும் விதத்தைப் படம் போட்டு அச்சிட்டிருக்கிறார்.

மாதுங்கா வாசி:
மாமி, அதெல்லாம் மேஜையில் காட்சிக்கு வைத்தது. துடைத்துக்கொள்ள வேறு துணி கொடுத்தார்கள். என் கட்சிக்கே சாட்சி சொல்கிறீர்கள்.

வடாலா மாமி:
அப்படியானால் இங்கேயும் காட்சிக்கு வைத்துவிட்டுப் போகட்டுமே! உங்களுக்கு என்ன போச்சு?

கரூர்த் தறி:
எதை மடித்தாலும் வெள்ளை மட்டும் வாங்காதீர்கள். மஞ்சள் கறையில் சோப்பு பட்டால் சிவந்துவிடும். வெயிலில் காயப்போட்டால் வெளிறும், சரி. ஜூலையில் இங்கே வெயிலுக்கு எங்கே போவீர்கள்?

செம்பூர்க்காரி:
நேற்று ராத்திரி ஒத்திகை பார்த்தேன். ஒரு தாமரைக்கு இரண்டரை நிமிடம். 40 என்றால் 100 நிமிடம், அதுவும் எல்லாரும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில். ஆகவே மேஜைக்கு ஒரு தாமரை, நடுவில், காட்சிக்கு. தட்டுகளுக்கு அரக்கு நிறப் பருத்தி, நீள்சதுரம், இடப்பக்கம். அப்பா தட்டில் மட்டும் தாமரைதான், அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மாதுங்கா வாசி:
அந்த ஒன்றுக்காவது கையைக் கழுவிவிட்டு மடியுங்கள். அப்பாவுக்கு என் நமஸ்காரம்.