உதவி: லேசரை ஏத்தினா படம் இன்னும் மோசமாகுது

கரும்புக்காரன் (டர்பன்): அவசரம். நாளைக்குப் படம் காட்டணும். கான்ஃபோக்கல்ல (லேசரால புள்ளி புள்ளியா படம் எடுக்கிற நுண்ணோக்கி) கரும்பு இலை வெட்டு பாக்கிறேன். மங்கலா இருக்கேன்னு லேசரை ஏத்தினேன். பளிச்சுன்னு வந்துச்சு, ஆனா விவரமே இல்ல. கொஞ்ச நேரத்துல இருட்டாயிடுச்சு. லேசர் போச்சா?

நெட்டால்_அக்கா: என்ன சாயம், எந்த அலைநீளம், லேசர் எத்தனை சதவீதம், பின்ஹோல் (குவியத்துக்கு வெளிய இருந்து வர்ற ஒளியைத் தடுக்கிற துளை) எவ்வளவு? ஒண்ணுமே சொல்லலையே தம்பி.

மின்னல்: லோட் ஷெடிங்தான்! கரண்ட் போய் வந்தா லேசர் நிதானத்துக்கு வர நேரமாகும்.

நெட்டால்_அக்கா: லேசர் ஏறி இறங்கினா கோடு கோடா தெரியும். இது அது இல்ல.

பழைய_நுண்ணோக்கி: கையேட்டைப் புரட்டாமலே கேள்வி. கான்ஃபோக்கலைக் கண்டுபிடித்த மின்ஸ்கி 1957ல் அதற்குக் காப்புரிமை கேட்டபோது லேசரே பிறக்கவில்லை. அது 1960ல்தான் வந்தது. தவிர, தமிழில் ‘சீரொளி’ என்று எழுதிப் பழகுங்கள்.

மின்னல்: லேப்ல போய் சீரொளின்னா யாருக்குப் புரியும் ஐயா?

பழைய_நுண்ணோக்கி: அலைகள் சீராக வருவதால் சீரொளி. ‘லேசர்’ என்பதில் அந்தப் பொருள் எங்கே தெரிகிறது?

தோட்டத்துப்பேரன்: 1860ல ட்ரூரோ கப்பல்ல இந்தியாவுல இருந்து நெட்டாலுக்குக் கூலி வேலைக்கு வந்தவங்க கரும்பைக் கத்தியால வெட்டினாங்க. பேரப்பிள்ளைங்க அதையே கண்ணாடித் தகட்டுல வச்சிப் பாக்குறாங்க. பேர் எதுவானா என்ன, அவன் படத்தைப் பாருங்கப்பா.

கரும்புக்காரன்: மன்னிக்கணும். ஃப்ளூரசீன், 488 நானோமீட்டர், 40 சதவீதம். பின்ஹோலை முழுசா திறந்துட்டேன்.

நெட்டால்_அக்கா: நாப்பதா! லேசர் நல்லாத்தான் இருக்கு, சாயம்தான் செத்துப்போச்சு. ஃப்ளூரசீன் சீக்கிரம் வெளுத்துடும். ஸ்லைடைக் கொஞ்சம் நகர்த்துங்க. புது இடம் பளிச்சுன்னா அதுதான்.
விவரம் போனதுக்குக் காரணம் வேற. 8 பிட் படத்துல வெளிச்சத்துக்கு உச்ச எண் 255, அதைத் தொட்டதெல்லாம் ஒரே வெள்ளை. சாயத்துக்கும் எல்லை உண்டு: ஒளியை வாங்கின மூலக்கூறு திரும்பத் தயாராகச் சில நானோவினாடி ஆகும். அதுக்கு மேல கொட்டினா குவியத்துல வெளிச்சம் கூடாது, அக்கம்பக்கம் மட்டும் ஏறும். படம் மழுங்கும்.
2 சதவீதத்துல ஆரம்பிங்க. பின்ஹோல் 1 ஏரி. ஒவ்வொரு வரியையும் 4 தடவை சராசரி எடுத்தா இரைச்சல் பாதியாகும். சாயத்துக்கு அடியும் 4 மடங்கு, அதனால லேசரைக் குறைச்சிட்டுத்தான். இலைப் பச்சையம் 488லயே சிவப்பா ஒளிரும், அது படத்துல கலக்காம இருக்க 500–550 நானோமீட்டர் ஒளியை மட்டும் வாங்குங்க.

தோட்டத்துப்பேரன்: எந்த ஏரி?

நெட்டால்_அக்கா: ஆளு பேருப்பா, ஜார்ஜ் ஏரி. வானியல்காரர். பின்ஹோல் அளவுக்கு அவர் பேரை வச்சிருக்காங்க.

கரும்புக்காரன்: நகர்த்தினதும் வந்துச்சு. 3 சதவீதம். நன்றி அக்கா, ஓடுறேன்.

பழைய_நுண்ணோக்கி: கையேட்டிலும் இதுவேதான் இருந்திருக்கும்.

மின்னல்: எதுக்கும் ஒரு யூபிஎஸ் வச்சிக்கோங்க.